எழுபத்தைந்து நிமிஷம்

சிட்லபாக்கம்,
29.1.2025, புதன்

தயாளா,

நலமா, சௌக்கியமான்னு கேட்கிற அளவுக்கு எனக்கு இப்ப மனசு இல்ல. நீயும் அனுப்பிரியாவும் குழந்தையும் நல்லாத்தான் இருப்பீங்க. உங்களுக்கென்ன.

போன்ல பேச வேண்டாம்னுதான் காகிதத்தை எடுத்தேன். போன்னா பாதியிலயே "அக்கா, இன்னொரு கால் வருது"ன்னு ஓடிடுவ. இதை நீ படிச்சுத்தான் ஆகணும். திருமுடிவாக்கம் ஷெட்டுக்கே ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பறேன். உன் மாமனார் பிரிச்சுப் படிச்சாலும் எனக்குக் கவலை இல்ல.

என்னை வேலைக்கு வராதேன்னு சொல்லி இன்னிக்கு இருபதாவது நாள். ஒரு எட்டு வந்து பார்த்தியாடா? சரி, அதாவது போகட்டும். பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டு வர்றவன் நேர்ல வரணும்னு தெரியாதா? கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை எல்லாத்தையும் பொட்டலம் கட்டி டெலிவரி ஆள்கிட்ட குடுத்து அனுப்பின. அவர் வாசல்ல நின்னு ஓடிபி கேட்கறார். தம்பி சீருக்கு ஓடிபி சொல்லி வாங்கின முதல் அக்கா நான்தான். உங்க அத்தான் ஜெயகிருஷ்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

நடந்ததை நீ முழுசாக் கேட்கவே இல்ல. அதனால எழுதறேன். ஜனவரி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. எனக்கு எப்பவும் போல காலை எட்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் டியூட்டி. ரெண்டு மணிக்கு சுஜிங்கிற பொண்ணு வந்தா, ஆஸ்பத்திரி பார்மசி சாவியை அவ கையில குடுத்துட்டுக் கிளம்பிட்டேன். மறுநாள் காலையில நான் போனா, தடுப்பூசி ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கிற, சூட்டை அளந்து பதிய நீ பண்ணின பெட்டியில சிவப்பு லைட் எரியுது. மேனேஜர் அந்தப் பெட்டியை கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்த்தார். முந்தின நாள் மத்தியானம் ஒண்ணு அஞ்சுலேர்ந்து ஒண்ணு அம்பது வரைக்கும் ஃபிரிட்ஜ் கதவு திறந்தே கிடந்திருக்கு, உள்ளே பதினாறு டிகிரி வரைக்கும் ஏறியிருக்குன்னு காட்டுச்சு. அவ்வளவு தடுப்பூசியையும் குப்பையில போட்டாங்க. ஒண்ணரை மாசக் குழந்தைகளுக்குப் போடறது. அன்னிக்குக் காலையில டோக்கன் வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களை எல்லாம் நான்தான் போய், "அடுத்த வாரம் வாங்க"ன்னு சொன்னேன்.

எனக்கு ஞாபகம் இருக்குடா. ஒண்ணரைக்கு ஒரு பெரியவருக்கு இன்சுலின் எடுத்துக் குடுத்துட்டுக் கதவைச் சாத்தினேன். டக்குன்னு சத்தம் கேட்டுது. ஆனா மேனேஜர், "இது உங்க தம்பி பண்ண பெட்டிதானே, அது தப்பா?"ன்னு கேட்டார். என் வாயால நான் சொன்னேன், "என் தம்பி பெட்டி தப்பு சொல்லாது சார்." என் ஞாபகத்தை விட உன் பெட்டியை நம்பி, கவனக்குறைவு என்னுடையதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். நாற்பத்தி மூணு வயசுல மறதி வந்துடுச்சோன்னு ராத்திரி பகலா அதே நினைப்பு. கேஸ் அடைச்சேனான்னு நாலு தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

மார்ச் மாசம் பிறந்ததும் பார்மசி கவுன்சிலுக்கு எழுதிடுவாங்களாம். என் பதிவு போச்சுன்னா இந்த ஊர்ல எந்த மருந்துக்கடையிலும் நான் நிக்க முடியாது. பத்தொன்பது வருஷம் ஆச்சு நான் இந்த வேலைக்கு வந்து.

உன்கிட்ட நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. வந்து அந்தப் பெட்டியை ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லு. தப்பு என்னுதுன்னா தலை குனிஞ்சு ஏத்துக்கறேன்.

உன் அக்கா,
தீபா


திருமுடிவாக்கம்,
3.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. மாமா பிரிக்கல, நான்தான் பிரிச்சேன். மாமாவை எதுக்கு நடுவுல இழுக்கற? இந்த ஷெட் அவரோடது. அவர் இல்லன்னா நான் இன்னிக்கும் யாரோ ஒருத்தர் கம்பெனியில சோல்டரிங் பண்ணிக்கிட்டிருப்பேன்.

வர முடியாததுக்குக் காரணம் இருக்கு. அந்த ஆஸ்பத்திரி எங்க கஸ்டமர். விசாரணை நடக்கறப்ப நான் அக்கா வீட்டுக்கு வந்து போறது நல்லா இருக்காதுன்னு மாமா சொன்னார். எனக்கும் அது சரின்னு பட்டுது.

பெட்டியைப் பத்திக் கேட்டிருக்க. உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கேன், இருந்தாலும் எழுதறேன். உள்ளே இருக்கறது சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சில்லு. அதுக்குள்ள கடிகாரமும் இருக்கு, வெப்பமானியும் இருக்கு. எந்தக் கடிகாரமும் சூட்டுலயும் குளிர்லயும் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும். இந்தச் சில்லு நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் சூட்டைத் தானே அளந்து பார்த்து, கடிகாரத்தைத் திருத்திக்கும். அது அளக்கிற அதே சூட்டைத்தான் நான் ஃபிரிட்ஜோட டெம்பரேச்சரா, நேரத்தோட சேர்த்து எழுத வெச்சிருக்கேன். கதவு திறந்தா அதையும் குறிச்சுக்கும். வருஷத்துக்கு ஒரு நிமிஷம் கூடத் தப்பாது. ஒவ்வொரு பெட்டியையும் ஐஸ் தண்ணியில முக்கிச் சரிபார்த்துத்தான் வெளியே அனுப்பினேன். சில்லுல எந்தக் கோளாறும் இல்ல.

அக்கா, உனக்கு ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. சின்ன வயசுலேர்ந்து எது நடந்தாலும் நான்தான் தப்பு பண்ணியிருப்பேன்னு நீ முடிவு பண்ணிடுவ. நான் ஒரு பொருளைச் சுயமாப் பண்ணி, நாற்பது இடத்துல மாட்டியிருக்கேன். இப்ப நானூறு பெட்டிக்கு ஆர்டர் கைக்கு வர்ற நேரம். நீ ஆஸ்பத்திரியில பெட்டி மேல சந்தேகம்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் போச்சு. இங்க பதினோரு பேர் வேலை செய்யறாங்க.

ரொம்ப அலட்டிக்காதே. எல்லாருக்கும் மறதி வரும். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. வேணும்னா நம்ம ஷெட்லயே பேக்கிங்கைப் பார்த்துக்க வா, மாமாகிட்ட நான் பேசறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி,
தயாளன்


சிட்லபாக்கம்,
7.2.2025, வெள்ளி

டேய் தயாளா,

பேக்கிங் வேலையா? வாயில நல்லா வருது எனக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க காதுல விழும்னு அடக்கிக்கிட்டு எழுதறேன்.

உன் லெட்டரை நாலு தடவை படிச்சேன். மெமோவோட ஆஸ்பத்திரிக்காரங்க உன் பெட்டியோட பதிவை பிரிண்ட் எடுத்துக் குடுத்திருந்தாங்க. இருபத்தாறு பக்கம். இத்தனை நாள் பயத்துல ஒன்பதாம் தேதிப் பக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நேத்திக்கு மத்தியானம் மத்த பக்கங்களையும் பரப்பி வெச்சு உட்கார்ந்தேன்.

முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. பார்மசி ஷட்டரை நான் தூக்கறது காலை எட்டு மணிக்கு. அதுக்கு முன்னாடி பூட்டுதான். ஆனா உன் பெட்டி தினமும் காலை ஆறே முக்காலுக்கு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாங்கன்னு எழுதி வெச்சிருக்கு. யாருடா திறந்தது, பேயா? ஸ்டாக் வண்டி வர்றது ஒன்பதரை. அப்ப கதவு ஆறேழு நிமிஷம் திறந்திருக்கும், லேசா சூடு ஏறும். உன் பெட்டியில அந்த ஏத்தம் எட்டேகாலுக்கு இருக்கு. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, ரெண்டு மாசமா தினமும் அப்படித்தான். என் கையெழுத்துல இருக்கிற ஸ்டாக் நோட்டுக்கும் உன் பெட்டிக்கும் எப்பவும் ஒண்ணேகால் மணி நேரம் வித்தியாசம். எழுபத்தஞ்சு நிமிஷம், பிசகாம.

ஒண்ணு அஞ்சோட எழுபத்தஞ்சு நிமிஷத்தைக் கூட்டிப் பாரு. ரெண்டு இருபது. அந்த நேரத்துல நான் ஷேர் ஆட்டோவுல உட்கார்ந்திருந்தேன். என் கையில ஃபிரிட்ஜும் இல்ல, சாவியும் இல்ல.

இன்னும் இருக்கு, கேளு. பிரிண்டோட முதல் வரியில பெட்டி ஓட ஆரம்பிச்ச நேரம்னு ஒண்ணு போட்டிருக்கு. நவம்பர் எட்டு, வெள்ளிக்கிழமை, காலை 10.10. அது உன் முதல் நாற்பது பெட்டிக்குப் பூஜை போட்ட நாள். நான் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கிக்கிட்டு, ஆஸ்பத்திரியில பெர்மிஷன் போட்டுட்டு அங்க வந்தேன். உங்க அசெம்பிளியில வேலை செய்யற செல்லம்மா எனக்குக் காபி குடுத்தாங்க. உன் மாமனார் இன்னும் வரலைன்னு காத்திருந்து காத்திருந்து, பதினோரு மணிக்குக் கிளம்பிட்டேன். பதினோரு மணி வரைக்கும் நாற்பது பெட்டியும் மேஜை மேல சும்மா கிடந்துது. அப்புறம் பத்து பத்துக்கு எப்படிடா அது ஓட ஆரம்பிச்சுது?

உன் லெட்டர்ல, "சில்லுல எந்தக் கோளாறும் இல்ல"ன்னு எழுதியிருக்க. பெட்டி சரியான நேரம் காட்டுதுன்னு எங்கேயும் எழுதல. பார்த்துப் பார்த்து எழுதியிருக்கடா நீ.

அந்த எழுபத்தஞ்சு நிமிஷத்தை எங்க வெச்ச? எனக்குப் பதில் வேணும்.

தீபா


திருமுடிவாக்கம்,
12.2.2025

அக்கா,

இனிமே மறைச்சுப் பிரயோஜனம் இல்ல.

அன்னிக்கு நல்ல நேரம் ஒன்பதேகால்லேர்ந்து பத்தேகால் வரைக்கும். மாமா வந்து முதல் பெட்டியை ஆன் பண்றதா ஏற்பாடு. பெரும்பாக்கத்துலேர்ந்து கிளம்பினவர் ரேடியல் ரோட்டுல ஒரு லாரி கவிழ்ந்து மாட்டிக்கிட்டார். வந்து சேர்ந்தப்ப பதினொண்ணேகால். வெள்ளிக்கிழமை, பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். பன்னெண்டுக்கு மேல பண்ணலாம்னு சொன்னேன். வேன்காரர் பதினொண்ணே முக்காலுக்குக் கிளம்பியே ஆகணும்னு நிக்கறார். மத்தியானத்துக்குள்ள பெட்டிகள் அங்கங்க போய்ச் சேரணும்.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். "பெட்டி நேரத்தை எங்கேர்ந்து எடுத்துக்குது?"ன்னு கேட்டார். லேப்டாப்ல என்ன நேரம் இருக்கோ அதைத்தான் எடுத்துக்கும்னு சொன்னேன். "அப்ப லேப்டாப்பைப் பத்து பத்துக்குத் திருப்பு. அதோட ஜாதகப்படி நல்ல நேரத்துல பிறந்ததா இருக்கட்டும்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே திருப்பினேன். நாற்பது பெட்டியையும் வரிசையா ஆன் பண்ணி முடிக்கறப்ப லேப்டாப்ல பத்தரை. மாமா கற்பூரம் காட்டினார், வேன் கிளம்பிடுச்சு. லேப்டாப் நெட்டுல மாட்டினதும் தன்னால சரியாயிடுச்சு. பெட்டிகள் வெளியே போயிடுச்சு. சர்வீஸுக்குப் போறப்ப ஒவ்வொண்ணாத் திருத்திக்கலாம்னு நினைச்சேன்.

மாசத்துக்கு ஒரு தடவைதான் பதிவைப் பார்ப்பாங்க, அதுவும் அதிகபட்சம் எவ்வளவுன்னு மட்டும். நேரத்தை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு இருந்துட்டேன்.

இதையும் சொல்லிடறேன். நீ ஜனவரி பத்தாம் தேதி போன்ல அழுதப்பவே எனக்குத் தெரியும். போனை வெச்சுட்டுக் கூட்டிப் பார்த்தேன். ரெண்டு இருபதுன்னு வந்துது. பொங்கலுக்கு வராததும் அதனாலதான். உன் முகத்தைப் பார்த்தா சொல்லிடுவேன்னு பயம்.

அக்கா, மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் பொறுத்துக்கோ. நானூறு பெட்டி ஆர்டர் கையெழுத்தாகட்டும். அதுக்கப்புறம் ஏதாவது ஒரு வழி பண்றேன். இப்ப இது வெளியே வந்தா, நேரத்தை வேணும்னே மாத்தின கம்பெனின்னு பேர் ஆயிடும். மாமா ஷெட்டைப் பூட்டிடுவார். அனுகிட்ட நான் என்ன சொல்லுவேன்?

இன்னொண்ணும் யோசி. நீ இல்லன்னா அந்தச் சுஜிதான். இருபத்திமூணு வயசுப் பொண்ணு. அவ வாழ்க்கை போகணுமா?

படிச்சதும் இதைக் கிழிச்சுப் போட்டுடு.

தயாளன்


சிட்லபாக்கம்,
15.2.2025, சனி

தயாளா,

கிழிக்கல.

பத்தாம் தேதியே தெரியும். முப்பத்திமூணு நாள். நான் இங்க எழுந்து எழுந்து கேஸ் குமிழைத் திருகிப் பார்த்துக்கிட்டிருந்த முப்பத்திமூணு நாளும் உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, "எல்லாருக்கும் மறதி வரும்"னு எனக்கு எழுதின. அடப் பாவி. நம்ம அம்மா இருந்திருந்தா உன்னைச் செருப்பாலயே அடிச்சிருப்பாங்க. நான் அடிக்காததுக்கு ஒரே காரணம், நீ என் கைக்கு எட்டற தூரத்துல இல்ல.

ராகு காலம் பார்த்தது தப்புன்னு நான் சொல்லல. நானும்தான் பார்க்கிறேன். பார்த்துட்டு, முடியற வரைக்கும் காத்திருப்பேன். கடிகாரத்தைத் திருப்பி வெச்சுட்டுப் பகவானை ஏமாத்திட்டேன்னு கற்பூரம் காட்ட மாட்டேன். ஒரு நிமிஷம் தப்பாத சில்லுன்னு பெருமை அடிச்சுக்கற. நீ சொல்லிக் குடுத்த பொய்யை அது ஒரு நிமிஷம் தப்பாம ரெண்டு மாசமாச் சொல்லியிருக்கு. அதைப் போய்க் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. சுத்தி நின்னு சிரிச்ச உங்களைத்தான் சொல்றேன்.

சுஜியைப் பத்தி நீ கவலைப்பட வேண்டாம். நேத்து அவளே வீட்டுக்கு வந்தா. அன்னிக்கு ரெண்டு மணிக்கு மேல ஸ்டாக் எண்ணறேன்னு கதவைத் திறந்து வெச்சாளாம், அவசரமா வார்டுலேர்ந்து கூப்பிட்டாங்கன்னு ஓடினாளாம். "திறந்து வெச்சது நான்தானோன்னு முதல்ல நினைச்சேன் அக்கா, ஆனா பெட்டி ஒண்ணு அஞ்சுன்னு காட்டினதும் நான் இல்லன்னு நம்பிட்டேன்"னு சொல்லி அழுதா. உன் பெட்டி ரெண்டு பேரையுமே பைத்தியமாக்கியிருக்கு. அவ மேனேஜர்கிட்ட சொல்றேன்னு சொல்லியிருக்கா. இருபத்திமூணு வயசுக்கு இருக்கிற தைரியம் உனக்கு இல்ல பாரு.

ஆனா அவ சொன்னா மட்டும் போதாது. பெட்டி வேற சொல்லுதேன்னு கேட்பாங்க. பெட்டி ஏன் தப்புன்னு பண்ணினவன்தான் சொல்லணும்.

வர்ற இருபத்திநாலாம் தேதி விசாரணை. அத்தான் என்ன சொன்னார் தெரியுமா, "அவன் லெட்டரைக் கொண்டு போய் மேஜை மேல போடு, முடிஞ்சுது"ன்னார். நான் மாட்டேன்னுட்டேன். உன் கையெழுத்தை ஆஸ்பத்திரி மேஜை மேல நான் போட மாட்டேன். நீயா வா. உன் வாயால சொல்லு. திங்கட்கிழமை பத்து மணி. அன்னிக்கு ராகு காலம் ஏழரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்கே முடிஞ்சுடும், அந்தச் சாக்கும் உனக்குக் கிடையாது.

நீ வருவேன்னு இன்னும் நம்பறேன். அதனாலதான் இவ்வளவு கோபம்.

அக்கா,
தீபா


திருமுடிவாக்கம்,
25.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேத்து உன்கிட்ட தனியாப் பேச முடியல. மாமா கார்ல காத்துக்கிட்டிருந்தார். அதான் எழுதறேன்.

எப்படியோ நல்லபடியா முடிஞ்சுது. உன் மேல தப்பு இல்லன்னு மேனேஜரே எல்லார் முன்னாடியும் சொன்னார். மூணாம் தேதிலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லிட்டார். கவுன்சிலுக்கும் எழுத மாட்டாங்க. சுஜிக்கு எச்சரிக்கையோட போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?

நான் வந்தேன், பார்த்தியா. நீ கூப்பிட்டு நான் வராம இருந்ததில்ல. உள்ளே வர்றப்ப எல்லாத்தையும் அப்படியே சொல்லிடணும்னுதான் நினைச்சேன். "நேரத்தை யார் வெச்சது?"ன்னு அவர் கேட்டதும், எப்படின்னே தெரியல, அசெம்பிளியில இருக்கிற அம்மா தவறுதலா வெச்சுட்டாங்கன்னு வந்துடுச்சு. நீ பக்கத்துலதான் இருந்த. உனக்கும் அது பரவாயில்லைன்னுதான் தோணியிருக்கும், அதனாலதான் ஒண்ணும் சொல்லல. மனசார நன்றி அக்கா.

எழுத்து மூலமாக் கேட்டாங்க. அதையும் இன்னிக்குக் குடுத்தாச்சு. மத்த முப்பத்தொன்பது பெட்டியிலயும் சர்வீஸ்னு சொல்லி நேரத்தைச் சரி பண்ணிக்கிட்டிருக்கோம். ஆர்டருக்கும் பாதிப்பு இல்லன்னு மாமா விசாரிச்சுட்டார். அவரே, "உங்க அக்காவைக் கூப்பிடு, பாவம்"னார்.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வாங்க. அனு கோவளத்துலேர்ந்து வஞ்சிரம் வாங்கி வரச் சொல்லியிருக்கா.

அன்புத் தம்பி,
தயாளன்


சிட்லபாக்கம்,
3.3.2025, திங்கள்

தயாளா,

ஞாயித்துக்கிழமை நான் ஏன் வரலைன்னு அனுப்பிரியா மூணு தடவை போன் பண்ணினா. அவகிட்ட தலைவலின்னு சொன்னேன். உனக்குக் காரணம் எழுதறேன்.

அன்னிக்கு நான் ஏன் வாயைத் திறக்கலைன்னு ஒரு வாரமா யோசிச்சுப் பார்த்தேன். "பெட்டியோட நேரம்தான் தப்பு, அக்கா மேல தப்பு இல்ல"ன்னு நீ சொன்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அதுக்கப்புறம் நீ சொன்னது காதுல விழுந்துது. விழலைன்னு பொய் சொல்ல மாட்டேன். என் தலை தப்பிச்சாப் போதும்னு உட்கார்ந்திருந்தேன். அதுக்கு நீ எனக்கு நன்றி வேற எழுதியிருக்க. என் வாழ்நாள்ல எனக்கு யாரும் இவ்வளவு அசிங்கமா நன்றி சொன்னதில்ல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்லம்மா என் வீட்டுக்கு வந்தாங்க. பூஜை அன்னிக்குக் காபி குடுத்த ஞாபகத்துல, விலாசம் விசாரிச்சு, பெரும்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தாங்க. ஏதாவது வீட்டு வேலை இருந்தாச் சொல்லுங்கன்னு கேட்க வந்தாங்க. நீ அவங்களை வேலையை விட்டு நிறுத்தினதே எனக்கு அப்பதான் தெரியும். செவ்வாய்க்கிழமை இங்கிலீஷ்ல ஒரு காகிதத்தை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கம்மா, சும்மா ஆபீஸ் விஷயம்"னு சொன்னியாம். புதன்கிழமை வர வேண்டாம்னுட்டியாம்.

"இன்னாமோ நேரத்தை நான் மாத்திட்டேன்னு எழுதிகீதாம்மா. அந்த லேப்டாப்பை நான் தொட்டதே இல்லியே. பேட்டரி மாட்றதும் மூடி திருகறதும்தானே என் வேலை. அந்த ஃபேக்டரி எஸ்டேட்ல வேற கம்பெனிக்குப் போய் கேட்டா, நீதானே அந்த டைம் மாத்துன அம்மான்னு சிரிக்கறாங்க. ஒருவேளை நான்தான் கை தப்பா எதையாவது அமுக்கிட்டேனா? உங்க தம்பி படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாரே"ன்னு என்கிட்டயே கேட்டாங்க.

தயாளா, நான் ஜனவரியில கேட்ட அதே கேள்விடா அது. அதே மாதிரி ஒரு காகிதம், அதே மாதிரி ஒரு கையெழுத்து. எனக்காவது இங்கிலீஷ் படிக்கத் தெரியும், இருபத்தாறு பக்கத்தைப் பரப்பிப் பார்க்க முடிஞ்சுது. அவங்களுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்னு தெரிஞ்சுதானே அவங்க கிட்ட நீட்டின? பதினோரு பேர்ல அவங்களை நீ ஏன் தேர்ந்தெடுத்தேன்னு எனக்குப் புரியாதா?

நான் உள்ளே போய் உன் பன்னிரண்டாம் தேதி லெட்டரை எடுத்துக்கிட்டு வந்தேன். ஹால்ல உட்கார்ந்து முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்னு நீ எழுதின இடம் வந்தப்ப, "ஆமாம்மா, நானும் சிரிச்சேன், எல்லாரும் சிரிக்கறாங்களேன்னு"ன்னு சொன்னாங்க. படிச்சு முடிச்சதும் லெட்டரை மடிச்சு அவங்க கையிலயே குடுத்துட்டேன். ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டாங்க.

இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு வேலையில சேர்றதுக்கு முன்னாடி, அவங்களையும் கூட்டிக்கிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன். உன் கையெழுத்தை அந்த மேஜை மேல நான் போட மாட்டேன்னு சொன்னேன், நான் போடல. செல்லம்மா போட்டாங்க. "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"ன்னு மேனேஜர் என்னைக் கேட்டார். தெரியும் சார், பேசாம இருந்துட்டேன்னு சொன்னேன். நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்னு என்னைத் திருப்பி அனுப்பிட்டார். வேலை இருக்கோ இல்லையோ, தெரியல. மேனேஜர் ஒரு நகல் எடுத்துக்கிட்டார். லெட்டர் செல்லம்மாகிட்டதான் இருக்கு. அதை எங்கெங்க காட்டணுமோ அங்கெல்லாம் காட்டட்டும். கூடப் போகணும்னா நான் போவேன்.

உன் மாமனார் ஷெட்டைப் பூட்டுவார்னு எனக்குத் தெரியும். ஆர்டர் போகும்னும் தெரியும். உன் குழந்தை முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது. அத்தான் எதிர்ல உட்கார்ந்து நான் எழுதறதையே பார்த்துக்கிட்டிருக்கார். எவ்வளவு யோசிச்சாலும் செல்லம்மாவை அந்தக் காகிதத்தோட திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரல.

நீ இனிமே எனக்கு எழுதாதே. போனும் பண்ணாதே. எழுதணும்னு தோணினா அவங்களுக்கு எழுது. விலாசம் கீழே குடுத்திருக்கேன். படிக்கத் தெரியாதேன்னு நினைக்காதே. உன் லெட்டர் வந்தா எடுத்துக்கிட்டு வர்றேன், நீங்கதான் படிச்சுச் சொல்லணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நான் படிச்சுக் காட்டறேன்.

தீபா

செல்லம்மா,
பிளாக் 64, வீட்டு எண் 11, இரண்டாவது மாடி,
வாரியக் குடியிருப்பு,
பெரும்பாக்கம், சென்னை.